இறுக்கினால் போதுமா?

இம்ப்ளாண்ட் மீது பொருத்திய பிரிட்ஜ் ஆடத் தொடங்கினால் செய்யப்படும் வைத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான். பல்லின் மேல்புறத் துளையை அடைத்திருக்கும் பிசினைத் தோண்டியெடுத்து, உள்ளிருக்கும் திருகை மறுபடி இறுக்கி, துளையை மூடி அனுப்பிவிடுவார்கள். சிமெண்ட் வைத்து ஒட்டிய பிரிட்ஜாக இருந்தால் பழைய சிமெண்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்டுவார்கள். சிறிது நேர வேலை. வலி இல்லை, பெரிய செலவும் இல்லை. பலருக்கு அத்தோடு தொல்லை தீர்ந்துவிடுகிறது. சிலருக்குத் தீர்வதில்லை. சில மாதங்களில் மீண்டும் ஆடுகிறது, மீண்டும் இறுக்கப்படுகிறது, அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகவே ஆடுகிறது. இந்த அத்தியாயம் அந்தச் சிலரைப் பற்றியது. முதல் தடவை கழன்றதை இறுக்கிப் பார்ப்பதில் தவறில்லை. இரண்டாம் தடவை கழன்ற பிறகும் காரணம் தேடாமல் இறுக்குவது சிகிச்சையாகாது என்பதே இங்கே நான் நிறுவ விரும்புவது. கழலுதல் வேறெங்கோ இருக்கும் ஒரு பிழையின் விளைவு. ஆராயாமல் இறுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பிழையின் தடயம் அழிகிறது, திருகும் தேய்கிறது, அடுத்து உடையப்போவது திருகைவிட விலை மதிப்புள்ள ஏதோ ஒன்றாக இருக்கும்.

முதலில், ஆடுவது எது என்று தெளிவாக வேண்டும். ‘பிரிட்ஜ் ஆடுகிறது’ என்று நோயாளி சொல்லும்போது அதில் மூன்று வெவ்வேறு மூட்டுகள் அடங்கியிருக்கின்றன. தாடை எலும்புக்குள் இருக்கும் டைட்டானியம் இம்ப்ளாண்டுக்கும் எலும்புக்கும் இடையிலானது ஒன்று. இம்ப்ளாண்டின் தலையில் அமரும் குட்டையான தூணுக்கு அபட்மென்ட் என்று பெயர். அதை ஒரு திருகு இம்ப்ளாண்டோடு சேர்த்துப் பிடிக்கிறது. இது இரண்டாவது. அந்தத் தூண்களின் மேல் பிரிட்ஜ் உட்காருகிறது, சிறிய திருகுகளாலோ சிமெண்டாலோ. இது மூன்றாவது. வாய்க்குள் விரலை வைத்து அசைத்துப் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். இந்தத் தோற்றம் இரண்டு திசைகளிலும் தீங்கு செய்யக்கூடியது. எலும்போடு ஒட்டாமல் போய்விட்ட இம்ப்ளாண்டின் மேல் திருகை எத்தனை முறை இறுக்கினாலும் பயனில்லை. அதற்குள் சுற்றியுள்ள எலும்பு கரைந்துகொண்டே போகும். திருகு மட்டும் தளர்ந்த நிலையில் ‘இம்ப்ளாண்டே போய்விட்டது’ என்று முடிவுகட்டினால், நன்றாக வேரூன்றிய இம்ப்ளாண்டை எலும்போடு குடைந்தெடுக்க நேரும். பிரிட்ஜை முழுவதும் கழற்றி ஒவ்வொரு இம்ப்ளாண்டையும் தனித்தனியே சோதிக்காமல் இந்த இரண்டையும் உறுதியாகப் பிரித்தறிய முடியாது. எல்லாம் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருக்கும்வரை, பிடிப்பிழந்த இம்ப்ளாண்டைப் பக்கத்திலுள்ள நல்ல இம்ப்ளாண்டுகள் தாங்கி மறைத்துவிடும். கழற்றிய பின் அழுத்தினால் வலி, லேசான சுழற்சி, எக்ஸ்ரேயில் இம்ப்ளாண்டைச் சுற்றிக் கறுப்புக் கோடு ஆகியவை எலும்பு மூட்டு போய்விட்டதன் அடையாளங்கள்.

இந்த மூன்றில் எலும்பு மூட்டுதான் மிகப் பெரிய சவாலாக இருந்தது. விந்தையாக, அதுதான் முதலில் தீர்ந்தது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் 1950களின் தொடக்கத்தில் பெர்-இங்வார் பிரனெமார்க் முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தாலான ஒரு சிறு கருவியைப் பதித்து இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். ஆய்வு முடிந்து கருவியைப் பிரித்தெடுக்க முயன்றபோது எலும்பு அதை விடவில்லை. 1965இல் கோத்தன்பர்க்கில் கோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் முதல் டைட்டானிய இம்ப்ளாண்டுகள் பொருத்தப்பட்டன. 2006இல் அவர் இறக்கும்வரை அவை அவருக்கு உழைத்தன. 1982இல் டொரண்டோவில் நடந்த மாநாடு இந்த முறையை உலகப் பல் மருத்துவத்தின் பார்வைக்குக் கொண்டுவந்தது. அன்றைய நோயாளிகளில் பெரும்பாலோர் பற்களை முழுவதும் இழந்தவர்கள். கீழ்த்தாடையின் முன்பகுதியில் ஐந்தாறு இம்ப்ளாண்டுகளை வளைவாக நட்டு, ஒரே சட்டமாகப் பிரிட்ஜ் போட்டார்கள். இம்ப்ளாண்டின் தலையிலிருந்த 0.7 மில்லிமீட்டர் உயர அறுகோணம், இம்ப்ளாண்டைப் பிடித்து எலும்புக்குள் முறுக்கி இறக்குவதற்காக அமைந்தது. பக்கவாட்டு விசையைத் தாங்கும் வேலை அதற்கு இல்லை. வளைவாக நின்ற தூண்களே ஒன்றுக்கொன்று அந்தத் துணையைத் தந்தன. பின்னாளில் ஒற்றைப் பல்லுக்கும் இரண்டு மூன்று பற்களுக்கும் இதே அமைப்பைப் பயன்படுத்தியபோது அந்தத் துணை இல்லாமல் போயிற்று. 1991இல் டோர்ஸ்டன் யெம்ட் குழுவினர் வெளியிட்ட ஒற்றைப் பல் ஆய்வில், முதல் ஆண்டுக்குள்ளேயே 26 சதவீதத் திருகுகளை மறுபடி இறுக்க வேண்டியிருந்தது. எலும்பு தன் பங்கைச் செய்தது. பலவீனம் ஒரு மாடி மேலே ஏறி, உலோகமும் உலோகமும் சந்திக்கும் இடத்தில் குடியேறியது.

அதன் பிறகு நிலைமை வெகுவாக முன்னேறியிருக்கிறது. 2012இல் வெளியான பியட்டுர்சன் குழுவினரின் தொகுப்பாய்வின்படி, இம்ப்ளாண்ட் பிரிட்ஜுகளில் ஐந்தாண்டுக் காலத்தில் திருகு அல்லது அபட்மென்ட் தளர்வது 5.3 சதவீதம், சிமெண்ட் விட்டுப்போவது 4.7 சதவீதம். இவ்வளவு சிறிய எண்ணுக்கு இத்தனை ஆராய்ச்சி தேவையா என்று கேட்கலாம். தேவை என்பேன். சராசரி எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. நன்றாகப் பொருந்திய, சுமை சரியாகப் பரவிய பிரிட்ஜ் ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருக்கும். பிழையுள்ளது திரும்பத் திரும்பக் கழலும். ஒருமுறை கழன்றது தற்செயலாக இருக்கலாம். பலமுறை கழலும்போது அந்தப் பிரிட்ஜுக்குள் நிலையான ஒரு காரணம் உட்கார்ந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். சராசரி சிறியது என்ற ஆறுதல் அந்த நோயாளிக்குப் பயன்படாது.

அந்தக் காரணத்தைப் புரிந்துகொள்ளத் திருகு எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். திருகின் மரைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருப்பதால் மட்டும் மூட்டு நிற்பதில்லை. இறுக்கும்போது திருகின் உடல் மிக நுண்ணிய அளவு நீள்கிறது. நீண்ட உலோகம் பழைய நீளத்துக்குத் திரும்ப முயல்கிறது. அந்த முயற்சி இரண்டு பாகங்களையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது. இதைப் பிடிவிசை என்று அழைப்போம். அலமாரியிலிருந்து ஒரு வரிசைப் புத்தகங்களை இரு கைகளாலும் நெருக்கிப் பிடித்து அப்படியே தூக்கும்போது, நடுவிலுள்ள புத்தகங்கள் விழாமல் இருப்பது நெருக்கத்தால்தான். கை சற்றுத் தளர்ந்தால் நடுப்புத்தகம் நழுவும். பிரிட்ஜை வைத்திருப்பதும் அத்தகைய நெருக்கமே. அபட்மென்ட் திருகுகளைப் பல அமைப்புகளில் 30 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர் முறுக்குவிசையில் இறுக்கச் சொல்கிறார்கள். ஒரு சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் ஏறத்தாழ 3 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கு அது. ஆனால் இந்த முறுக்கில் சுமார் பாதி திருகுத் தலையின் அடியில் உராய்வாகவும், இன்னொரு 40 சதவீதம் மரைகளில் உராய்வாகவும் செலவாகிவிடுகிறது. பிடிவிசையாக மாறுவது பத்தில் ஒரு பங்கு அளவுதான். எனவே மரையில் ஒட்டிய இரத்தம், எச்சில், தேய்மானம் என்று உராய்வைச் சற்றே மாற்றும் எதுவும் அந்தச் சிறு பங்கைப் பெரிதும் மாற்றிவிடும். டார்க் ரெஞ்ச் காட்டுவது நாம் கொடுத்த முறுக்கை. மூட்டுக்குக் கிடைத்த பிடியை அது காட்டுவதில்லை. இந்த அத்தியாயத்தில் ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

கிடைத்த பிடியும் முழுவதுமாகத் தங்குவதில்லை. எவ்வளவு வழுவழுப்பாகச் செய்த உலோகப் பரப்பிலும் நுண்ணோக்கியில் மேடு பள்ளங்கள் தெரியும். அழுத்தத்தில் அந்த மேடுகள் நசுங்க, திருகின் நீட்சி அந்த அளவுக்குக் குறைகிறது. இறுக்கிய சிறிது நேரத்திலேயே 2 முதல் 10 சதவீதம் வரை பிடிவிசை இப்படிக் குறைகிறது. பத்து நிமிடம் கழித்து அதே அளவில் இன்னொரு முறை இறுக்கும் பழக்கம் இதனால்தான் வந்தது. அதன் பிறகு நடப்பதை விளக்கியவர் பல் மருத்துவர் அல்லர்; கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர். திருகுக்குக் குறுக்கே பக்கவாட்டில் பாகங்கள் வழுக்கி அசைந்தால், திருகு எவ்வளவு வலிமையாக இருந்தாலும் தானாகவே பின்னோக்கிச் சுழன்று கழலும் என்று 1969இல் அவர் சோதனையால் காட்டினார். நேர்கீழ் அழுத்தத்தைவிடப் பக்கவாட்டு வழுக்கலே ஆபத்தானது. மெல்லும் வாய் பக்கவாட்டு விசைகள் நிறைந்த இடம். பிடிவிசை அந்த விசைகளை வெல்லும்வரை பாகங்கள் வழுக்குவதில்லை, திருகும் அசைவதில்லை. பிடிவிசை ஓர் எல்லைக்குக் கீழே வந்தபின் ஒவ்வொரு மெல்லலும் திருகை இம்மியளவு பின்னோக்கித் திருப்புகிறது. நோயாளி ஆட்டத்தை உணர்வது இந்த இரண்டாம் கட்டத்தின் முடிவில்தான். ‘நேற்று முறுக்கு கடித்தேன், கழன்றுவிட்டது’ என்று அவர் சொன்னால் அது உண்மைதான். ஆனால் அந்த முறுக்கு பழி ஏற்பது, அதற்கு வெகு முன்பே தொடங்கிய ஒரு சரிவுக்கு.

அப்படியானால் இன்னும் பலமாக இறுக்கினால் என்ன? எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை இது. திருகின் உலோகம் மீளும் தன்மையை இழக்கத் தொடங்கும் எல்லையில் சுமார் 75 சதவீதம்வரை இழுப்பதே பொறியியலில் வழக்கமான இலக்கு. மெல்லும்போது கூடுதலாக விழும் சுமையைத் தாங்க மீதி இடம் வேண்டும். எல்லையைத் தாண்டி இறுக்கினால் திருகு நிரந்தரமாக நீண்டுவிடும். திரும்பச் சுருங்கும் ஆற்றல் போய்விடும். பிடிக்க வேண்டிய திருகு தொளதொளவென்று நிற்கும், அல்லது உடைந்து அதன் கீழ்ப்பாதி இம்ப்ளாண்டுக்குள் சிக்கும். அந்தத் துண்டை எடுக்க முடியாமல் போனால், எலும்போடு நன்றாகச் சேர்ந்த இம்ப்ளாண்ட் பயனற்றதாகிவிடலாம். மரையில் பசை தடவிப் பூட்டுவது இன்னொரு யோசனை. அப்படிச் செய்தால் தேவைப்படும்போது கழற்ற முடியும் என்ற திருகின் மிகப் பெரிய நன்மையையே இழக்கிறோம். வழுக்கலின் காரணமும் அப்படியே இருக்கிறது.

திரும்பத் திரும்பக் கழலும் பிரிட்ஜில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பொருத்தத்தை. இயற்கைப் பல் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை, சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள நார்ப்படுகையில் தொங்குகிறது. அழுத்தினால் 25 முதல் 100 மைக்ரான்வரை கீழே இறங்கும். இம்ப்ளாண்ட் இறங்குவது 3 முதல் 5 மைக்ரான் மட்டுமே. இயற்கைப் பற்களின் மேல் போடும் பிரிட்ஜ் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பற்கள் நகர்ந்து இடம் கொடுத்துவிடும். இம்ப்ளாண்டுகள் அப்படி விட்டுக்கொடுப்பதில்லை. அளவெடுக்கும்போது, மாதிரி வார்க்கும்போது, உலோகத்தை உருக்கி வார்த்துச் சுருங்கும்போது சேரும் சிறு பிழைகள் எல்லாம் கடைசியில் திருகின் தலையில் விழுகின்றன. ஒரு முனையில் பிரிட்ஜுக்கும் அபட்மென்ட்டுக்கும் இடையே மெல்லிய இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திருகை இறுக்க இறுக்கப் பிரிட்ஜின் சட்டம் வளைந்து கீழிறங்கும், இடைவெளி மூடும், ரெஞ்ச் சொன்ன அளவில் ‘டிக்’ என்று நிற்கும். எல்லாம் சரியாக அமைந்ததாகத் தோன்றும். ஆனால் பிடிவிசையாக வேண்டியதன் பெரும்பகுதி சட்டத்தை வளைப்பதில் செலவாகிவிட்டது. வளைந்த சட்டம் இரவும் பகலும் மேலே எழ முயன்றுகொண்டே இருக்கிறது. இதே திருகை மறுபடி மறுபடி இறுக்குவது அதே சட்டத்தை மறுபடி மறுபடி வளைப்பதன்றி வேறில்லை.

இதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பிரிட்ஜின் ஒரு கோடியிலுள்ள ஒரே ஒரு திருகை மட்டும் போட்டு இறுக்கிவிட்டு, மறுகோடியில் பிரிட்ஜ் தூக்கிக்கொள்கிறதா என்று பார்க்கலாம்; ஈறுக்கு அடியில் மூட்டு மறைந்திருந்தால் எக்ஸ்ரே எடுக்கலாம். எக்ஸ்ரே மூட்டுக்கு நேர்கோணத்தில் எடுக்கப்பட வேண்டும், சாய்ந்தால் இடைவெளி மறைந்துவிடும். யெம்ட் சொன்ன இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது: திருகு முதலில் தடையை உணரும் இடத்திலிருந்து முழு இறுக்கம் பெற அரைச் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டியிருந்தால், பிரிட்ஜ் சரியாக உட்காரவில்லை. கைவிரல்களின் உணர்வும் கவனமும் இருந்தால் போதும். பொருந்தாது என்று தெரிந்தால் செய்ய வேண்டியது பிரிட்ஜை அறுத்து, வாயில் வைத்தே அதன் துண்டுகளைப் பிசினால் சேர்த்து, அந்த நிலையில் மறுபடி பற்றவைப்பது, அல்லது புதிதாக அளவெடுத்துச் செய்வது. இதற்கு மறுப்பு ஒன்று உண்டு, அது வலுவானதும்கூட. எவ்வளவு இடைவெளியை ஏற்கலாம் என்பதில் பிரனெமார்க் காலத்து 10 மைக்ரானிலிருந்து பின்னாளில் சொல்லப்பட்ட 150 மைக்ரான்வரை கருத்துகள் விரிந்து கிடக்கின்றன. 1996இல் யெம்டும் புக்கும் வெளியிட்ட ஆய்வில், பொருத்தப் பிழைக்கும் இம்ப்ளாண்டைச் சுற்றிய எலும்பு இழப்புக்கும் தொடர்பு தெரியவில்லை. அப்படியென்றால் பொருத்தம் பற்றிய இந்தக் கவலை மிகையா? எலும்பைப் பொறுத்தவரை அந்த முடிவை ஏற்கிறேன். உயிருள்ள எலும்பு நிலையான அழுத்தத்தோடு ஒத்துப்போகக்கூடியது. திருகு உயிரற்றது. எலும்பு பொறுத்துக்கொண்டதைக் காட்டித் திருகும் பொறுத்துக்கொள்ளும் என்று வாதிட முடியாது. கழலாத பிரிட்ஜில் சிறு இடைவெளி இருந்தால் அதை விட்டுவிடலாம். கழலும் பிரிட்ஜில் இருந்தால் விடக்கூடாது.

பொருத்தம் சரியென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது நெம்புகோல். கடைசி இம்ப்ளாண்டுக்கு அப்பால் தாங்கல் இல்லாமல் பிரிட்ஜ் நீண்டிருக்கும் பகுதியைக் கான்டிலீவர் என்கிறார்கள். இரண்டு இம்ப்ளாண்டுகள் 10 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன, பின்னால் 10 மில்லிமீட்டர் கான்டிலீவர் நீள்கிறது, அதன் நுனியில் 200 நியூட்டன் விசையில் கடிக்கிறோம் என்று கொள்வோம். கணக்குப் போட்டால் அருகிலுள்ள இம்ப்ளாண்ட் 400 நியூட்டனில் கீழே அழுத்தப்படுகிறது. தொலைவிலுள்ளது 200 நியூட்டனில் மேலே இழுக்கப்படுகிறது. கான்டிலீவரை 20 மில்லிமீட்டராக நீட்டினால் இவை 600, 400 ஆகின்றன. இங்கே நோய்க்கணிப்புக்கு உதவும் ஒரு நுட்பம் இருக்கிறது. அழுத்தப்படும் மூட்டு இன்னும் நெருங்குகிறது. இழுக்கப்படும் மூட்டு பிரியப் பார்க்கிறது. ஆகவே பின்னால் கடிப்பதன் விளைவு முன்னால், யாரும் கடிக்காத இடத்துத் திருகில் வெளிப்படும். எந்தத் திருகு திரும்பத் திரும்பக் கழல்கிறது என்று குறித்து வைப்பவருக்குப் பிழை எங்கே என்று அந்தத் திருகே காட்டிக்கொடுக்கும். குறிக்காமல் எல்லாவற்றையும் ஒருசேர இறுக்கியவருக்குக் காட்டாது. முன் பின் இம்ப்ளாண்டுகளுக்கு இடையே உள்ள தூரத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் கான்டிலீவர் போகக்கூடாது என்று ஒரு கைக்கணக்கு உண்டு. அதை விதியாகக் கொள்ள நான் தயங்குவேன். எதிர்த்தாடையில் இயற்கைப் பற்கள் இருக்கிறவருக்கும் கழற்றி மாட்டும் பல்செட் இருக்கிறவருக்கும் கடியின் விசை வெகுவாக வேறுபடும். கான்டிலீவரே இல்லாத பிரிட்ஜிலும் நெம்புகோல் ஒளிந்திருக்கலாம்: மெலிந்த இம்ப்ளாண்டின் மேல் அகன்ற கடைவாய்ப் பல், எலும்பு இருந்த இடத்தில் நட்டதால் பல்லின் மையத்திலிருந்து விலகி நிற்கும் இம்ப்ளாண்ட், பக்கவாட்டில் தாடை நகரும்போது முட்டும் செங்குத்தான பல் முகடு. இவற்றில் பலவற்றை முகட்டைத் தேய்த்து மட்டமாக்கியும் பல்லின் அகலத்தைக் குறைத்தும் சரிசெய்துவிடலாம். புதுப் பிரிட்ஜ் செய்யுமுன் இதை முயல வேண்டும்.

‘கடிக்கும்போது உயரமாகத் தெரிகிறதா?’ என்று கேட்டு, ‘இல்லை’ என்ற பதிலோடு நிறுத்திக்கொள்வது இயற்கைப் பல்லுக்கே ஓரளவுதான் சரி. இம்ப்ளாண்டுக்கு அது போதவே போதாது. தொடுவிசையை உணரும் நரம்பு முனைகள் அந்த நார்ப்படுகையில் இருக்கின்றன; இம்ப்ளாண்டைச் சுற்றி நார்ப்படுகை இல்லை. இம்ப்ளாண்ட் தொடுவிசையை உணர இயற்கைப் பல்லுக்குத் தேவைப்படுவதைப்போல எட்டு ஒன்பது மடங்கு விசை வேண்டியிருந்ததாக ஹேமர்லே குழுவினர் 1995இல் அளந்து காட்டினர். நோயாளி பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. மிக மெல்லிய வண்ணத் தாளையும் உலோகத் தகட்டையும் பல்லிடையே வைத்து, மெதுவாகக் கடிக்கும்போதும் பலமாகக் கடிக்கும்போதும் பக்கவாட்டில் நகர்த்தும்போதும் தனித்தனியே சோதிக்க வேண்டும். தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பவரிடம் இது இன்னும் முக்கியம். அந்த விசை பக்கவாட்டில் நெடுநேரம் விழுகிறது, விழித்திருப்பவரின் எச்சரிக்கை அதைத் தடுப்பதும் இல்லை. எதிர்ப்பக்கப் பற்களின் தேய்மானமும் தாடைத் தசையின் பருமனும் இதைச் சொல்லிவிடும். இரவில் அணியும் கடின உறை அவருக்கு வசதிக்காகத் தரப்படும் உபரிப் பொருளாகாது. சிகிச்சையின் அங்கமே அது.

சிமெண்ட் வைத்த பிரிட்ஜுகளின் கதை வேறு. அங்கே முதல் கேள்வி, விட்டது சிமெண்டா, அடியிலிருக்கும் திருகா என்பது. சிமெண்ட் கெட்டியாகப் பிடித்திருக்க, அபட்மென்ட் திருகு தளர்ந்து பிரிட்ஜும் அபட்மென்ட்டும் சேர்ந்தே ஆடலாம். அதைச் சிமெண்ட் விட்டதாக நினைத்துத் தட்டிக் கழற்ற முயன்றால் இம்ப்ளாண்டின் உள்மரை சிதையக்கூடும். அந்த நிலையில் பல்லின் மேல் துளையிட்டுத் திருகை எட்டுவதே பாதுகாப்பு. உண்மையிலேயே சிமெண்ட்தான் விடுகிறது என்றால், பலமான சிமெண்டுக்குத் தாவுமுன் அபட்மென்ட்டின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். பக்கச்சுவர்கள் எவ்வளவு சரிந்திருக்கின்றனவோ அவ்வளவுக்குப் பிடிப்பு குறையும் என்று டென்மார்க்கின் யோர்கென்சன் 1955இலேயே அளந்து காட்டினார். தூண் குட்டையாகவும் அதிகம் சரிந்ததாகவும் இருந்தால் எந்தச் சிமெண்டும் நெடுநாள் நிற்காது. ‘அப்படியானால் இருப்பதிலேயே வலுவான சிமெண்டைப் பூசுங்கள்’ என்பவர்களுக்குப் பதில் ஈறுக்கு அடியில் இருக்கிறது. பிதுங்கி வெளிவரும் சிமெண்ட் ஈறுக்குள் தங்கிவிட்டால் இம்ப்ளாண்டைச் சுற்றி அழற்சி மூளும். தாமஸ் வில்சன் 2009இல் வெளியிட்ட ஆய்வில், அழற்சி கண்ட இம்ப்ளாண்டுகளில் 81 சதவீதத்தில் மிச்சச் சிமெண்ட் இருந்தது. அகற்றியதும் 74 சதவீதத்தில் அழற்சி நீங்கியது. கழலும் தொல்லையைத் தீர்க்கப்போய் எலும்பை இழப்பது நல்ல பேரமில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பல தூண்களில் ஒன்றில் மட்டும் சிமெண்ட் விட்டால் பிரிட்ஜ் விழாது, ஆடுவதுகூடத் தெரியாது. ஆனால் விட்டது கோடித் தூண் என்றால், அந்தக் கணமே பிரிட்ஜின் அந்தப் பகுதி கான்டிலீவராக மாறிவிடுகிறது. எஞ்சிய தூண்களின் திருகுகள் அதன் சுமையைச் சுமக்கின்றன. பிரிட்ஜை விரலால் மேலும் கீழும் அழுத்தும்போது விளிம்பில் எச்சில் குமிழ்கள் எழுந்து அடங்கினால், அந்தத் தூண் பிடியை விட்டுவிட்டது. இம்ப்ளாண்டையும் இயற்கைப் பல்லையும் ஒரே பிரிட்ஜில் இணைக்கும்போது இது அடிக்கடி நேர்வதற்குக் காரணம் தெளிவு: ஒன்று அசையும், மற்றொன்று அசையாது. சில வாய்களில் இயற்கைப் பல் பிரிட்ஜை விட்டு எலும்புக்குள் அமிழ்ந்தும் போகிறது.

புதிய அமைப்புகள் இவற்றையெல்லாம் கடந்துவிட்டன என்ற வாதமும் உண்டு. அபட்மென்ட்டின் கூம்பு முனை இம்ப்ளாண்டுக்குள் ஆழமாகச் சென்று கவ்வும் இணைப்பு இன்று பரவலாகிவிட்டது. பக்கவாட்டு விசையைக் கூம்பின் சுவரே வாங்கிக்கொள்வதால் திருகின் பாடு குறைகிறது. இது பெரிய முன்னேற்றம். ஆனால் முழுத்தாடைப் பிரிட்ஜில் அபட்மென்ட்டுக்கு மேலே பிரிட்ஜைப் பிடிக்கும் சின்னத் திருகுகள் இருக்கின்றன, 10 முதல் 15 நியூட்டன் சென்டிமீட்டரில் இறுக்கப்படுபவை. கூம்பு கீழே இருக்கிறது. மேலே பழைய கதைதான். கூம்பு இருந்தாலும் சேரும் பாகங்கள் ஒரே அளவில் கடையப்பட்டிருக்க வேண்டும். அறுகோண இணைப்பில் அபட்மென்ட் இரண்டு பாகைக்குக் குறைவாகச் சுழல இடமிருந்தால்தான் திருகு நிலையாக நின்றது என்று பால் பினான் 1996இல் காட்டினார். ஒரு நிறுவனத்தின் இம்ப்ளாண்ட் மேல் ‘பொருந்தும்’ என்று விற்கப்படும் வேறொருவரின் மலிவான அபட்மென்ட்டைப் போடும்போது இந்த நுண்ணளவுகள்தான் பலியாகின்றன. வேறு ஊரில், வேறு மருத்துவரிடம் போகும் நோயாளிக்குத் தன் வாயிலிருக்கும் இம்ப்ளாண்ட் எந்த நிறுவனத்தினுடையது, என்ன விட்டம் என்பதே பெரும்பாலும் தெரிவதில்லை. சிகிச்சை முடிந்த நாளிலேயே அந்த விவரத்தை எழுதி அவர் கையில் கொடுப்பது ஒவ்வொரு மருத்துவமனையின் கடமை. கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை.

கழன்ற திருகைக் குப்பையில் போடாமல் உருப்பெருக்கியில் பார்த்தால் அதுவே பாதி விடை சொல்லும். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்த தலை சட்டம் கோணலாக உட்கார்ந்ததைச் சுட்டும். வளைந்த உடல் பக்கவாட்டு விசையை. மழுங்கிய மரை பலமுறை இறுக்கப்பட்டதை. கழல எடுத்துக்கொண்ட காலமும் சாட்சிதான். சில நாட்களிலேயே கழன்றால் ஈறு இடையில் சிக்கியதா, பிரிட்ஜ் முழுவதும் உட்கார்ந்ததா, சரியான முறுக்கு கொடுக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். ஓராண்டு நன்றாக இருந்து கழன்றால் சுமையையும் தேய்மானத்தையும் பார்க்க வேண்டும். பழைய திருகை மறுபடி போடுவது சிக்கனமாகத் தோன்றலாம். ஒவ்வொரு முறை இறுக்கித் தளர்த்தும்போதும் மரைப்பரப்பு மாறி, அதே முறுக்குக்குக் கிடைக்கும் பிடிவிசை குறைகிறது. காரணத்தைக் கண்டு நீக்கிய பிறகு போடுவது புதுத் திருகாக இருக்க வேண்டும். அதை இறுக்கும் ரெஞ்சும் சோதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும், ஏனெனில் நீராவியில் மறுபடி மறுபடி வெந்த ரெஞ்சின் அளவு காலப்போக்கில் பிசகுகிறது.

இத்தனையும் செய்யச் செலவாகும், நோயாளி பலமுறை வர வேண்டியிருக்கும் என்பது உண்மையான தடை. பிரிட்ஜை அறுத்துப் பற்றவைக்கும் செலவை அவர் தலையில் கட்டுவது நியாயமா என்ற கேள்வியும் எழும். பொருத்தப் பிழை என்றால் அந்தச் செலவைச் செய்து கொடுத்தவர்களே ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. அதை நிறுவ முடிவதும் ஆராய்ந்து பதிவு செய்திருந்தால்தான். செலவே இல்லாத ஒரு வேலையும் இருக்கிறது. முழு ஆட்டம் வரும்வரை காத்திருக்காமல், ஆண்டுச் சோதனையில் பிரிட்ஜைக் கழற்ற நேரும்போது ஒவ்வொரு திருகும் எவ்வளவு முறுக்கில் விடுகிறது என்று அளக்கலாம். நல்ல நிலையிலுள்ள திருகும் இறுக்கிய அளவைவிடச் சற்றுக் குறைவான முறுக்கிலேயே விடும், அது இயல்பு. ஆனால் 30இல் இறுக்கிய நான்கு திருகுகளில் மூன்று 25 பக்கத்திலும் ஒன்று மட்டும் 10இலும் விட்டால், கழலுதல் அந்த ஒன்றில் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. நோயாளி இன்னும் எதையும் உணர்ந்திருக்கமாட்டார். அந்த எண்ணையும் அந்தத் திருகின் இடத்தையும் அவருடைய கோப்பில் எழுதிவிட்டு, அந்த மூட்டின் பொருத்தத்தையும் அதன் மேல் விழும் கடியையும் அன்றே பார்க்கலாம்.